சுஜாதாவின் ஜீனோவைப் படமாக்க ரோபோ போதுமா? பாலாற்றங்கரை சொல்லும் பதில்

நல்ல மழை பெய்த மறுநாள் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றைக் கடப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும். அதன் மேல் வெள்ளை வெளேரென்று நுரை மிதக்கும். பாலத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நாலைந்து பேர் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். "ஏதோ சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் மாதிரி இருக்குல்ல?" என்று ஒருவர் சொல்வார்.

அவர் சொன்னது தப்பில்லை. நுரை மிதக்கும் ஆறு வருகிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கி 1979-ல் எடுத்த 'ஸ்டாக்கர்'. புகழ்பெற்ற ஒரு அறிவியல் புனைகதை நாவலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம், உலக சினிமாவின் சிறந்த தழுவல்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதில் விண்கலம் கிடையாது. ரோபோ கிடையாது. வேற்றுக்கிரகவாசியின் நிழல்கூடக் கிடையாது.

தமிழிலும் படமாக வேண்டிய அறிவியல் புனைகதை ஒன்று பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அந்தப் பேச்சு எப்போது வந்தாலும் முதல் கேள்வி, "அந்த அளவுக்கு கிராஃபிக்ஸ் நம்மகிட்ட இருக்கா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு.

நாவலில் என்ன இருக்கிறது?

'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 'மீண்டும் ஜீனோ' அதன் இரண்டாம் பாகம். சுஜாதா அன்றைக்கு எட்டிப் பார்த்த எதிர்காலம், இன்றைய 2020-கள்.

நாவலின் நாட்டை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். எல்லாமே ஒழுங்கு, எல்லாமே கட்டுப்பாடு. மக்கள் இரண்டெழுத்துப் பெயர்தான் வைத்துக்கொள்ளலாம்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவனைத் தேடப் போகும் சாதாரணப் பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கும், கிண்டல் அடிக்கும், போகப் போகத் தானாகவே யோசிக்கவும் ஆரம்பிக்கும்.

வாசகர்களுக்கு ஜீனோ செல்லம். ஆனால் நாவலின் முதுகெலும்பு வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஜீவா என்பவர் நிஜ மனிதரே இல்லை, ஒளியால் உண்டாக்கிய பிம்பம் என்பது தெரியவரும் இடம் அது. எல்லோரும் வணங்கும் ஒரு அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது? இல்லாத ஒன்றுக்கு ஒரு நாடே எப்படிக் கட்டுப்பட்டு நிற்கிறது? நாவல் கேட்பது இதைத்தான். நாய் அந்தக் கேள்விக்கு நம்மைக் கூட்டிப்போகும் வழித்துணை.

இதுவரை திரையில் என்ன ஆனது?

நாவல் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சியின் வசதிக்கு அது துணிச்சலான முயற்சி. 90-களின் பிள்ளைகள் பலருக்கு ஜீனோ அறிமுகமானது அப்படித்தான். அதற்குப் பிறகு பெரிய திரைக்கு அது வரவில்லை.

"ஏன், 'எந்திரன்' வந்ததே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2010 அக்டோபர் 1-ல் வெளியான ஷங்கரின் 'எந்திரன்' படத்தின் எழுத்தில் சுஜாதாவின் பங்கு இருந்தது. படம் முடிவதற்குள், 2008 பிப்ரவரி 27-ல் அவர் காலமாகிவிட்டார். ஆனால் நிலாவோ, ஜீனோவோ, ஜீவாவின் ஆட்சியோ அந்தப் படத்தில் இல்லை. மனிதனைப் போலவே செய்யப்பட்ட ரோபோ காதலில் விழுந்தால் என்ன ஆகும் என்பது அதன் கதை. நல்ல பொழுதுபோக்குப் படம். இந்த நாவலின் இடத்தை அது நிரப்பவில்லை.

அதற்குப் பிறகு தமிழ் ரசிகர்கள் அறிவியல் புனைகதைக்குத் தயாராக இல்லை என்று சொல்ல வழியில்லை. 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'அயலான்' (2024) என்று வரிசையாகப் படங்கள் வந்துவிட்டன. டைம் மெஷினை விளக்கிச் சொல்ல இன்றைக்குப் பத்து நிமிடம் தேவையில்லை. தொடர்கதையாக வந்த ஒரு பெரிய நாவலைப் படமாக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கும் 'பொன்னியின் செல்வ'னின் இரண்டு பாகங்கள் 2022, 2023-ல் பதில் சொல்லிவிட்டன. சொந்தக் கற்பனைக்குத் தமிழ் சினிமா செலவு செய்கிறது, சரித்திர நாவலுக்கும் செலவு செய்கிறது. அறிவியல் புனைகதை நாவலுக்கு வரும்போது மட்டும் கை நடுங்குகிறது.

படமாக்குவதில் எது கஷ்டம்?

ஒவ்வொரு அறிவியல் புனைகதை நாவலிலும் இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று, கருவிகள்: ரோபோ, விண்கலம், ஒளிபிம்பம். இன்னொன்று, விதி: அந்த உலகத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது, எதற்கு யாரிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது.

கருவி சீக்கிரம் பழசாகிவிடும். சுஜாதா எழுதியபோது பேசும் இயந்திரம் அதிசயம். இன்று வீட்டில் குழந்தைகள் ஒரு ஸ்பீக்கரிடம் பாட்டுப் போடச் சொல்கிறார்கள். நாலு காலில் நடக்கும் ரோபோ நாய் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. நாவலைக் கருவிகளின் பட்டியலாக எடுத்துக்கொண்டால், படம் வெளியாவதற்கு முன்பே காலாவதியாகிவிடும்.

விதி பழசாவதில்லை. ஆனால் அதைப் படம் பிடிப்பது சிரமம். நாவலாசிரியர் "குழந்தை பெற அனுமதி வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். சினிமாவில் அந்த வரி ஒரு பொருளாக, ஒரு முகமாக, ஒரு இடமாகத் தெரிய வேண்டும். பாத்திரங்கள் உட்கார்ந்து விதியை விளக்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் போனைத் தேடுவார்.

இதைச் சரியாகச் செய்த இரண்டு படங்களைப் பார்க்கலாம். ஒன்று புதுசு, ஒன்று பழசு. இரண்டுமே பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியக்கூடியவை.

'டியூன்': ஒரு மரத்துக்கு ஐந்து பேர்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவல் 1965-ல் புத்தகமானது. அமெரிக்காவின் ஓரிகன் கரையோரத்தில் மணல்மேடுகள் ஊருக்குள் நகர்ந்து வருவதையும், அதைப் புல் நட்டுத் தடுத்ததையும் பற்றிக் கட்டுரை எழுதப்போன ஒரு பத்திரிகையாளருக்குக் கிடைத்த கரு அது. அந்தக் கட்டுரை அச்சாகவே இல்லை. நாவல் உலகப் புகழ் பெற்றது.

படமாக்குவது பெரிய பாடாக இருந்தது. 1970-களில் அலெஹாந்த்ரோ ஹோதரோவ்ஸ்கி முயன்று படப்பிடிப்புக்கே போக முடியாமல் நின்றார். 1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த படம் ஓடவில்லை. டெனி வில்நவ் 2021, 2024 ஆண்டுகளில் இரண்டு பாகமாக எடுத்தபோதுதான் அது பிடிபட்டது. முதல் பாகம் ஆறு ஆஸ்கர் விருதுகளும், இரண்டாம் பாகம் இரண்டும் வாங்கின.

அந்தக் கிரகத்தின் விதி ஒன்றுதான்: தண்ணீர் கிடையாது. நாவலில் இதற்காக ஒரு நீண்ட விருந்துக் காட்சி வருகிறது. பணக்காரர்கள் கை கழுவித் துண்டில் துடைத்துப் போடுவார்கள். அந்தத் துண்டைப் பிழிந்து வரும் தண்ணீருக்காக வாசலில் பிச்சைக்காரர்கள் நிற்பார்கள். வில்நவின் படத்தில் இந்தக் காட்சி இல்லை. அதற்குப் பதிலாக நாவலில் இருக்கும் இன்னொரு சின்னக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார்: அரண்மனை முற்றத்தில் நிற்கும் இருபது பேரீச்ச மரங்கள். கொளுத்தும் வெயிலில் ஒரு தோட்டக்காரர் அவற்றுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு மரம் குடிக்கும் தண்ணீர் ஐந்து பேரின் தண்ணீர். ஆக, இருபது மரம் என்றால் நூறு உயிர். அவை புனிதமான மரங்கள் என்கிறார் அவர். பின்னால் படையெடுப்பு நடக்கும் இரவில் அதே மரங்கள் தீப்பிடித்து எரிகின்றன.

பார்ப்பவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மரம் எரியும்போது எத்தனை பேரின் தண்ணீர் எரிகிறது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார். விதி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

'ஸ்டாக்கர்': வேற்றுக்கிரகவாசி இல்லாத படம்

'ஸ்டாக்கர்' இன்னும் ஒரு படி மேலே போனது. சோவியத் எழுத்தாளர்களான அர்காதி, போரிஸ் ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972-ல் வெளியிட்ட 'சாலையோர பிக்னிக்' நாவல்தான் மூலம். கரு எளிமையானது. வேற்றுக்கிரகத்தார் பூமியில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மனிதர்களிடம் அவர்கள் எதுவும் பேசவில்லை. சாலையோரத்தில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுக் குப்பையைப் போட்டுவிட்டுப் போகும் கூட்டம் மாதிரி, எதையெதையோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் குப்பை கிடக்கும் இடம் 'மண்டலம்'. உள்ளே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆனாலும் திருட்டுத்தனமாக உள்ளே போய்ப் பொருள் எடுத்து விற்றுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

திரைக்கதையை எழுதியது அந்தச் சகோதரர்களே. தங்கள் நாவலின் விநோதப் பொருள்களையும் திருப்பங்களையும் அவர்களே ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்கள். மிஞ்சியது மூன்று ஆண்கள், ஒரு பயணம், ஒரு இடம். எஸ்தோனியாவில் தாலின் நகருக்கு அருகே, கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களையும் அதையொட்டிய ஆற்றையும் 'மண்டலம்' ஆக்கினார் தார்கோவ்ஸ்கி. செட் போட்டதைவிட அங்கே ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடந்ததுதான் படத்தில் அதிகம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. படத்தின் ஒலிப்பதிவில் பணிபுரிந்த விளாதிமிர் ஷாருன் பின்னாளில் ஒரு விஷயத்தைச் சொன்னார்: ஆற்றின் மேல்பக்கம் இருந்த ரசாயன ஆலையின் கழிவு படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது, படத்தில் வரும் வெள்ளை நுரை அந்த விஷம்தான், குழுவில் இருந்த பெண்கள் பலருக்கு முகத்தில் ஒவ்வாமை வந்தது. நடிகர் அனதோலி சொலோனிட்சின் 1982-லும், தார்கோவ்ஸ்கி 1986-லும் புற்றுநோயால் இறந்ததை இந்தப் படப்பிடிப்போடு சேர்த்துப் பேசினார் ஷாருன். மருத்துவ ரீதியில் அது நிரூபிக்கப்பட்டதல்ல. ஆனால் கற்பனையான ஒரு நச்சு மண்டலத்தைப் படமாக்கப் போனவர்கள் நிஜமான ஒன்றுக்குள் நின்றிருக்கிறார்கள் என்பது அவருடைய சாட்சியம்.

சரி, பாலாறு எங்கே வருகிறது?

பாலாற்றங்கரையில் ஒரு 'மண்டலம்' உண்டாக வேற்றுக்கிரகத்தார் தேவைப்படவில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், தோல் தொழில் இந்த ஊர்களை இன்னும் ஒரே கயிற்றில்தான் கட்டி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகத் தயாரான தோலையும் செருப்பு, ஷூவையும் அனுப்பச் சொன்னது. தொழில் வளர்ந்தது, அந்நியச் செலாவணி வந்தது, குரோமியப் பதனிடலும் பெருகியது. உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் எல்லாம் கழிவுநீரோடு வெளியே போயின.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலை முழுதாகப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற கணக்குகள் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. 'கெடுத்தவரே பணம் கொடுக்க வேண்டும்' என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பும் அதுதான். சட்டக் கல்லூரியில் படிக்கும் எந்த மாணவருக்கும் வேலூரின் பெயர் தெரிவது அதனால்தான்.

அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வடிகட்டி, எதிர் சவ்வூடு பரவல் முறையில் நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்து ஆலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். 'டியூன்' மக்கள் வியர்வையையும் சிறுநீரையும் வடிகட்டிக் குடிக்க ஒரு உடை போட்டிருப்பார்கள். அந்த உடையை ஊர் அளவுக்குப் பெரிதாக்கினால் இந்தச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான். ஆனால் அந்த உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்தது. அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ல் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் சிக்கி இறந்தார்கள்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து, அந்தப் பணத்தைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

ஜீனோவின் நாவலை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே எல்லோருக்கும் தெரியும் தலைவர், நிஜத்தில் இல்லை. இங்கே எல்லோருக்கும் தெரியும் தீர்ப்பு, ஆற்றில் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. பாலாற்றின் கரையில் இருக்கும் ஊர்களுக்கு மேட்டூரிலிருந்து குழாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. சொந்த ஆறு வாசலில் இருக்க, பக்கத்து ஆற்றின் தண்ணீருக்காகக் குடம் வரிசையில் நிற்கிறது. சுஜாதாவின் நாவலில் அனுமதிக்காகக் காத்திருப்பதும் இந்த வரிசையும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நாவலின் விதியைக் கண்ணுக்குக் காட்ட ஒரு இயக்குநர் இடம் தேடினால், செட் போடும் முன்பு இந்தப் பக்கம் ஒருமுறை வந்துபோகலாம்.

அங்கே போய் ஷூட்டிங் வைத்தால் போதுமா?

போதாது. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

முதல் ஆபத்து, அழகாக்குவது. பிரம்மாண்டமான மர டிரம் சுழல, உள்ளிருந்து நீலம் பூத்த ஈரத் தோல் வெளியே விழும் காட்சி எந்த ஒளிப்பதிவாளருக்கும் ஆசை காட்டும். ஆற்று நுரையை ட்ரோனில் எடுத்தால் ட்ரெய்லருக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் தார்கோவ்ஸ்கியின் குழு படப்பிடிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டது. பாலாற்றங்கரைக்காரர்கள் பேக்-அப் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர்களுடைய கிணறு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து, சுலபமான வில்லன். தோல் முதலாளியைக் கெட்டவனாக்கி, கிளைமாக்ஸில் ஆலையைக் கொளுத்திவிட்டால் கைதட்டல் வரும். ஆனால் காலையில் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கைதட்டல் ஒப்பாது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் அந்த வீடுகளின் சீட்டுப் பணமும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் நடக்கின்றன. அப்பா நிலத்தில் தென்னை பட்டுப்போயிருக்கலாம். மகள் அதே தோலில் ஷூ தைத்துக்கொண்டிருக்கலாம். ஒரே வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சிக்கலைக் காட்டாத படம், நுரையை மட்டும் காட்டிய படமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது ஆபத்து, நிலாவை மறந்துவிடுவது. நாவலின் நாயகி சாதாரணப் பெண். சண்டை தெரியாது, விஞ்ஞானி இல்லை. காணாமல் போன கணவனைப் பற்றி அலுவலகம் அலுவலகமாக விசாரிக்கிற பெண். பெரிய பட்ஜெட் என்று வந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு மாஸ் ஹீரோவை உட்கார வைக்க யோசனைகள் வரும். அப்படி உட்கார்ந்தால் கதை கவிழ்ந்துவிடும். அதிகாரம் வெறும் பிம்பம்தான் என்று கண்டுபிடிப்பவர் பலமில்லாதவராக இருக்கும்போதுதான் அதற்கு அர்த்தம்.

உரிமையும் பட்ஜெட்டும்

நடைமுறைக் கேள்விகளும் உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுத்தாளரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். சுஜாதாவின் எழுத்துகளுக்கு அது 2068 முடியும் வரை. அதனால் குடும்பத்தின் அனுமதியோடு, முறையான ஒப்பந்தத்தோடுதான் இதைச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும். "கருவுக்கு உரிமை கிடையாது, எழுத்துக்குத்தான் உரிமை" என்ற சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நாவலின் சாயலை மட்டும் எடுத்துக்கொள்வது தமிழ் சினிமாவில் சுலபமான வழியாகிவிட்டது. சாயலை எடுப்பவர்கள் பெரும்பாலும் கருவியைத்தான் எடுக்கிறார்கள். விதியை விட்டுவிடுகிறார்கள். உரிமை வாங்கிச் செய்யும்போதுதான் முழு நாவலுக்கும் பொறுப்பு வரும்.

பட்ஜெட்? ஜீனோவுக்கு ஒரு நல்ல பொம்மையும், அளவான கிராஃபிக்ஸும், சரியான குரலும் போதும். இரண்டரை மணி நேரத்துக்குள் இரண்டு பாகத்தையும் திணிக்கவும் வேண்டாம். வாரா வாரம் "அடுத்து என்ன?" என்று வாசகரை நிறுத்திவைத்த தொடர்கதைக்கு ஓடிடி தொடர்தான் பொருத்தமான வடிவம். எட்டு அத்தியாயத்தில் நிலாவுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், ஜீனோவின் கிண்டலுக்கும் இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு விஷயம்

சுஜாதா காட்டிய எதிர்காலத்துக்கு நாம் வந்து சேர்ந்துவிட்டோம். "அவர் சொன்னதில் எது பலித்தது?" என்று பட்டியல் போடுவது சுவாரசியமான விளையாட்டு. ஆனால் நாவலை இனிமேல் எடுப்பவருக்கு அந்தப் பட்டியல் உதவாது. 1980-களின் எதிர்காலத்தை அப்படியே செட் போட்டால் அது பழைய பொருள் காட்சிக்கூடம் ஆகிவிடும். ஹெர்பர்ட் ஒரு மணல்மேட்டைப் பார்த்து ஒரு கிரகத்தை எழுதினார். தார்கோவ்ஸ்கி ஒரு பாழடைந்த மின் நிலையத்தைப் பார்த்து 'மண்டல'த்தைக் கண்டுகொண்டார். இரண்டு பேருமே பக்கத்தில் இருந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

தமிழில் அப்படித் தொடங்க ஓர் ஆறு இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலுக்குப் போகும் ஆறு. அடுத்த மழைக்குப் பாலத்தில் பைக்கை நிறுத்தி வீடியோ எடுக்கும் இளைஞர்களில் ஒருவர் திரைக்கதை எழுதுபவராக இருக்கலாம். அவர் வீடியோவைப் போஸ்ட் செய்துவிட்டு, பாலத்திலிருந்து இறங்கி, கரையில் இருக்கும் கிணற்றுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்தத் தண்ணிய எப்பண்ணே கடைசியா குடிச்சீங்க?" அவர் சொல்லும் வருஷத்திலிருந்து கதையை ஆரம்பிக்கலாம்.